முரண்பாடு குறையல்ல, எச்சரிக்கை

தானாக ஓடும் கார்களைப் பற்றி, 'கேமராவும் ரேடாரும் (ரேடியோ அலைகளால் அளக்கும் கருவி) வேறு வேறு சொன்னால் கார் குழம்பிவிடும், அதனால் கேமரா மட்டும் இருப்பதே பாதுகாப்பு' என்று சிலர் சொல்வது தவறு. அந்த முரண்பாடே முக்கியமான தகவல்: இரண்டில் ஒன்று ஏமாந்திருக்கிறது என்று அதனால்தான் தெரிய வருகிறது. கேமரா மட்டும் இருந்தால், அது ஏமாந்ததே தெரியாமல் வண்டி போய்க்கொண்டிருக்கும். எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடும் கால்மன் வடிகட்டி என்ற கணக்கீட்டு முறை 1960இலேயே வந்துவிட்டது.

எதிர்வெயிலில் கேமரா திணறும். ரேடாருக்கு அது பொருட்டே இல்லை. பனிமூட்டத்திலும் முன்னால் போகும் வண்டியின் வேகத்தை நேரடியாக அளக்கும். ஆனால் சிக்னல் சிவப்பா பச்சையா என்று அதற்குத் தெரியாது. லேசர் ஒளியால் அளக்கும் லைடார் இருட்டிலும் தூரத்தைத் துல்லியமாகச் சொல்லும்.

சரி, இவற்றையெல்லாம் சேர்த்தால் செலவும் மென்பொருள் வேலையும் கூடும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓட்டுநரே இல்லாமல் பயணிகளை ஏற்றிச் செல்லும் வேமோ நிறுவனத்தின் கார்களில் கேமரா, ரேடார், லைடார் மூன்றும் இருக்கின்றன.