விளைந்த நெல்லுக்கு இடமில்லையா?

அந்த வீடியோவை நாலு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லணை ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த அம்மாவிடம், "ஏய், இது என்ன உன் வீட்டுக் களமா?" என்று நம் சைக்கிள்காரர் ஒருவர் கத்துகிறாரே, அதுதான். எழுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. 'ஏய்' என்கிறார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நெல்லை ஓரமாகத் தள்ளுகிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

நானும் சைக்கிள் ஓட்டுகிறவன்தான். ஆறு வருடமாக ஞாயிறு விடியலில் திருவானைக்காவலில் கிளம்பி உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. காலில் தெம்பிருந்தால் கோவிலடி தாண்டித் திருவையாறு வரை. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவே வாழையும் நெல்லும். மேட்டூர் திறந்து மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அந்த வாரம் அங்கே வீசும் ஈரக்காற்றுக்காகவே ஓட்டலாம். ஆனால் நாம் படம் பிடித்துப் போடும் அந்தப் பச்சை யாருடையது? அவர்கள் நட்டது. பயிராக நிற்கும்போது அழகு, விளைந்து ரோட்டுக்கு வந்தால் இடைஞ்சலா?

ஏன் ரோட்டில் போடுகிறார்கள் என்று கேட்கிறீர்கள். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அரசு கொள்முதல் நிலையத்தில் எடுப்பதில்லை. எப்போதாவது தளர்த்துவார்கள், அதற்கும் உத்தரவு வரக் காத்திருக்க வேண்டும். குறுவை நெல் அறுப்போ ஐப்பசி மழையில் வந்து மாட்டிக்கொள்ளும். ஊர்க் களம் எத்தனை பேருக்குப் போதும்? தார்ச்சூட்டில் சீக்கிரம் காயும், அதனால்தான்.

விபத்து நடக்காதா என்பது நியாயமான கேள்வி. ஓரத்தில் வைக்கும் கல் இருட்டில் தெரியாமல் பைக்கில் விழுந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீடியோவில் நல்ல வெயில், பாதி ரோடு காலி. "நாங்க வரி கட்டுறோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த அம்மா வாங்கும் சோப்புக்கு வரி இல்லையா?

இரண்டு வருடம் முன்பு கோவிலடிப் பக்கம் பஞ்சர். மாற்று டியூபும் போய்விட்டது. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "வெயில்ல நிக்காத தம்பி, இப்படி வா" என்று சொம்பில் மோர் கொடுத்தார். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். "நசுங்குது. இன்னும் ஒரு வெயில் வேணும்." அரை மணியில் மேற்கே கறுத்துவிட்டது. அவரும் நானும் சாக்கில் அள்ள அள்ள மழை பிடித்துக்கொண்டது. பாதி நனைந்துபோனது. "போச்சு" என்றார், அவ்வளவுதான். அப்புறம் தன் பேரனைக் கூப்பிட்டு என்னை வண்டியில் கல்லணை வரை கொண்டுபோய் விடச் சொன்னார்.

என் அம்மாவும் இப்படிக் காயவைத்தவர்தான். யாரோ ஹாரன் அடித்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து ஒதுக்குவார். வீடியோவில் அந்த அம்மா ஒதுக்கியதும் அதே மாதிரிதான். என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

உங்கள் சராசரி வேகம் குறைந்தது என்று கத்தியதற்காக அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அந்த வீடியோவை நீக்கிவிடுங்கள். அதில் அவர் முகம் தெரிகிறது.