கடிதத்துக்கு அப்புறமும் வாழ்ந்த டோமஸ் யங்

ஈராக் போரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அந்தப் போரில் அடிபட்டு முடங்கிப்போன அமெரிக்கப் படைவீரர் டோமஸ் யங்கின் கடிதத்தை யாராவது பகிர்வார்கள். போர் தொடங்கிப் பத்து வருஷமான 2013 மார்ச்சில், போரைத் தொடங்கிய முன்னாள் அதிபர் புஷ்ஷுக்கும் முன்னாள் துணை அதிபர் டிக் செனிக்கும் அவர் எழுதியது. வயிற்றில் சொருகிய குழாய் வழியாக உணவு செலுத்துவதை நிறுத்திவிட்டு உயிரை விடப்போகிறேன் என்று அறிவித்திருந்த நேரம் அது. படித்தால் நெஞ்சு பதறும், நியாயம்தான். ஆனால் அந்த மனிதரை அந்தக் கடிதத்தோடு முடித்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

கான்சஸ் சிட்டிக்காரர். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த இரண்டே நாளில் ராணுவத்தில் சேர முன்வந்தவர். ஆப்கானிஸ்தானுக்குப் போவோம் என்று நம்பியிருந்தார், அனுப்பியது ஈராக்குக்கு. போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. 2004 ஏப்ரல் 4 அன்று, பாக்தாத்தின் சதர் சிட்டியில், கூரையும் கவசத் தகடும் இல்லாத ராணுவ லாரியில் போகும்போது குண்டடி பட்டது. தோட்டா காறை எலும்புப் பக்கம் நுழைந்து தண்டுவடத்தைத் துண்டித்துவிட்டது. மார்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வயது 24.

முடக்கம் என்றால் கால் நடக்காது, அவ்வளவுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கால் போனது அதில் ஒரு பகுதிதான். சிறுநீர் தானாகப் போகாது, குழாய் வைக்க வேண்டும், குழாய் வைத்தால் தொற்று வரும். எழுந்து உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். படுத்தே கிடந்தால் புண் வரும், அதனால் ராத்திரியிலும் யாராவது புரட்டிப் போட வேண்டும். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வையும் சுரக்காது. 2005 ஆகஸ்டில், கல்யாணமான கையோடு, அவர் முதல் மனைவியுடன் போன இடம் டெக்சாசில் புஷ் பண்ணைக்கு அருகே நடந்த போர் எதிர்ப்புப் போராட்டம். அவருக்கு அடிபட்ட அதே நாளில் அதே சதர் சிட்டியில் மகனை இழந்த சிண்டி ஷீஹன் அங்கே கூடாரம் போட்டிருந்தார். அந்த வெயிலில் குளிரூட்டும் மேல்சட்டை போட்டுக்கொண்டுதான் யங்கால் உட்கார முடிந்தது.

இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. பில் டோனஹ்யூவும் எலன் ஸ்பைரோவும் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் அம்மா குழாய் வைத்துவிடுவதைக்கூடக் காட்டச் சம்மதித்தார். தாம்பத்தியத்தில் வந்த சிக்கலையும் வாய்விட்டுச் சொன்னார். இருபதுகளில் இருந்த பையனுக்கு இதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டுமா? துப்பாக்கி தூக்கியதைவிட இதைத்தான் நான் வீரம் என்பேன்.

அவர் எல்லாப் போரையும் எதிர்த்தவரும் இல்லை. ஆப்கானிஸ்தானில் காயம்பட்டிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்கமாட்டேன் என்று அதிலேயே சொல்கிறார். செப்டம்பர் 11-க்குச் சம்பந்தமே இல்லாத நாட்டின் மேல் படையெடுத்ததுதான் அவருடைய கோபம். செத்த ஈராக்கியர்களையும் அந்தக் கடிதத்தில் அவர் மறக்கவில்லை. சதர் சிட்டியிலும் எத்தனையோ பேர் இதே மாதிரி படுத்த படுக்கையாகியிருப்பார்கள். அவர்களைப் படமெடுக்க யாரும் போகவில்லை.

2008-இல் நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு. மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பேச்சு குழறியது, அதுவரை இயங்கிக்கொண்டிருந்த கைகளும் தளர்ந்துவிட்டன. அப்புறம் பெருங்குடலையே எடுக்க வேண்டி வந்தது. அந்த வலியில்தான் சாக முடிவெடுத்தார்.

அந்த முடிவைக் கொண்டாடிச் சிலர் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் மாட்டேன், அவ்வளவு வலியில் கிடந்தவரை எடைபோட நாம் யார்? ஆனால் பலருக்கும் தெரியாமல் போனது அதற்கு அப்புறம் நடந்ததுதான். யங் மனதை மாற்றிக்கொண்டார். இரண்டாவது மனைவியோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இருவரும் ஊரை விட்டு மேற்குக் கடற்கரைப் பக்கம் போனார்கள். கடிதம் எழுதி ஒன்றரை வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு, 2014 நவம்பர் 10 அன்று, சியாட்டிலில் இறந்தார். மறுநாள் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் தினம். அவருக்கு 34 வயது.

அடுத்த முறை அந்தக் கடிதத்தைப் பகிர்கிறவர்கள், அவர் அதற்கு அப்புறமும் வாழ ஆசைப்பட்டார் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.