பச்சைக் கட்டத்தை நம்பாதீர்கள்

இன்றைக்குக் காலையில் கொழும்பு தலைமை ஆபீஸ்காரர்கள் ஸ்க்ரீனில் ஒரு பச்சைக் கட்டத்தைக் காட்டி, வாடிக்கையாளர்களுக்குத் தேயிலைப் பெட்டி அனுப்புகிற வருடக் கடைசிப் பரிசு கேம்பெய்ன் நூறு வீதம் முடிந்துவிட்டது என்று கைதட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பச்சைக்கு அர்த்தம் 'அனுப்பியாச்சு' என்பது மட்டும்தான். போய்ச் சேர்ந்ததா, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், வாங்கியவர் ஒரு வார்த்தை சொன்னாரா, எதுவும் அதில் கிடையாது. வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்கிற மென்பொருளான சி.ஆர்.எம்.மில் கேம்பெய்னைத் திறந்தபோது அது தானாகக் கொடுத்தவை இரண்டே நிலைகள்: அனுப்பியது, பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். நடுவில் 'கூரியரிடம் கொடுத்தது', 'கையில் கிடைத்தது', 'திரும்பி வந்தது' என்று சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனது. அட்மின் உரிமை உள்ள ஒருவர் உட்கார்ந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலை. "அடுத்த குவார்ட்டரில் பார்ப்போம்" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்காத ஆள் உங்களில் யாராவது உண்டா?

கூட்டம் முடிந்து என் மேசைக்குப் போய்ச் சேரவில்லை, போன் அடிக்கிறது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கராக, அதாவது தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவராக, இருந்து ஓய்வுபெற்ற ஐயா. எங்களுக்கு முதல் பெரிய ஹோட்டல் ஓடரைப் பிடித்துத் தந்தவரே அவர்தான். "என்னம்மா, இந்த வருசம் நம்மள மறந்துட்டீங்களா?" என்கிறார். சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் ஸ்க்ரீனைப் பார்க்கிறேன், அவர் பெயருக்கு நேரே பச்சை.

"அனுப்பியிருக்கோம் ஐயா."

"வரலியேம்மா."

"சிஸ்டத்தில போயிருக்குன்னுதான் காட்டுது ஐயா."

"அப்ப வேற யாருக்கோ போயிருக்கும்மா, பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல' இருக்கிறதே, அது நாள் முழுக்கக் காதுக்குள்ளேயே நின்றது.

சரி, பார்சல் எங்கே என்று தேடலாம் என்று டிராக்கிங் நம்பரைப் பார்த்தால், அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி, நாலைந்து இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, ஒரு கூட்டல் குறி. எக்செல்லில் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றாமல் ஃபைலைத் திறந்து சேமித்தால் இதுதான் கதி. 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதை அது சைபராக்கிவிடும், அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் பழைய நம்பர் திரும்பாது. அதே ஃபைலில் 077 என்று தொடங்கிய போன் நம்பர் எல்லாம் 77 ஆகிவிட்டது, கொழும்புக் கோட்டையின் 00100 என்ற தபால் குறியீடு வெறும் 100. அதை அப்படியே சி.ஆர்.எம்.முக்குள் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றும்போது ஒருவராவது கண்ணால் பார்க்கவில்லை!

கூரியரின் ஹட்டன் கிளைக்குப் போன் போட்டேன். "நம்பர் சொல்லுங்க மிஸ்." நம்பர் இல்லை தம்பி, பெயர் சொல்கிறேன் என்றேன். "பேர வச்சுத் தேட ஏலாது மிஸ்." ஊர் சொல்கிறேன் என்றேன். "எந்த ரோட்டு மிஸ், வீட்டு நம்பர்?" எந்த ரோடு? தோட்டத்துக்கு ஏது ரோட்டுப் பெயர்? தோட்டம், அதன் பிரிவான டிவிஷன், வரிசை வீடுகளான லயம், அங்கே போய் ஐயா பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். ஆனால் எங்கள் சி.ஆர்.எம்.மில் தெருப் பெயர் இல்லாமல் சேமிக்க விடாது, டிவிஷன் என்று எழுத இடமே கிடையாது. பதிந்த ஆள் தெருக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறார். லேபிளிலும் அந்தப் புள்ளிதான் அச்சாகியிருக்கிறது. கீழே ஒன்பது இலக்க போன் நம்பர்.

கடைசியில் அந்தப் பாதையில் ஆட்டோ ஓடுகிற அண்ணன் ஒருவர்தான் கண்டுபிடித்தார். சந்திக் கடையில், கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பினார். ஈரத்தில் அட்டை உப்பி மூடி பிளந்து நிற்கிறது, ரிபன் சாயம் இறங்கியிருக்கிறது, தேயிலைச் சபையின் சிங்க இலச்சினைமேல் எண்ணெய்க் கறை. உள்ளே நுவரெலியா, திம்புள்ள, ஊவா என்று மூன்று பகுதித் தேயிலை. பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் பொருள் தேயிலை. வாழ்நாள் முழுக்க ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், நின்று தேயிலையை மோந்து பார்த்தே தரம் சொன்ன மனிதருக்கு, கருவாட்டு வாடை அடிக்கிற தேயிலையையா கொடுப்பது?

இன்னொரு பக்கம், கண்டியில் ஒரு வங்கி அதிகாரிக்கு மூன்று பெட்டி போயிருக்கிறது. அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்தை ஒருவர் முன்னால் போட்டார், ஒருவர் பின்னால் போட்டார், இன்னொருவர் அப்பா பெயரையே முழுசாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினார். மூன்றிலும் வேறு வேறு மின்னஞ்சல். சிஸ்டம் இரட்டைப் பதிவை மின்னஞ்சலை வைத்துத்தான் பிடிக்கிறது, அதனால் ஒரே மனிதர் மூன்று வாடிக்கையாளர். நம் ஆட்களின் பெயர் எப்படி அமையும் என்று கேட்டுவிட்டு அந்த விதியை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இப்படி இருக்கிற பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தப் பரிசால் எவ்வளவு ஓடர் வந்தது என்று வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் வேண்டுமாம். கிடைத்ததா என்றே தெரியாத பெட்டிக்கு லாபக் கணக்கு எழுத என்னால் முடியாது. எழுதவும் மாட்டேன்.

அந்தப் புள்ளிதான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலம் தொட்டு இந்த மலையில் உழைக்கிற சனம் நாங்கள். தோட்டத்துப் பெயரைப் பெட்டியில் தங்க நிறத்தில் அச்சடிப்பார்கள், அதே தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு ஒரு வீட்டு நம்பர் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்ட ஆபீஸுக்குப் போய்க் கிடக்கும். என் தங்கச்சிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படித்தான் மேசையில் கிடந்து, தேதி முடிந்த பிறகு கைக்கு வந்தது. கேட்டதற்கு, "கடிதம் வந்திச்சு, நீங்கதான் வந்து கேக்கல" என்றார்கள். தன் பெயருக்கு வந்த கடிதத்தை அவள் ஏன் போய்க் கேட்க வேண்டும்?