வரி முத்திரையைக் காட்டி வைத்தியம் பேசாதீர்கள்

நாலு நாளாக எல்லார் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய விளம்பரப் படத்தைப் பற்றித்தான் இதுவும். டஃபீஸ் ப்யூர் மால்ட் விஸ்கி. தாடிக்காரக் கிழவர் ஒருவர் சோதனைக் குடுவையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அதுதான். "அமெரிக்க அரசாங்கமே மருந்துன்னு ஒத்துக்கிட்ட விஸ்கி" என்று மேலே ஒரு வரி. பழைய படம், ரசித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் விட்டேன். கீழே வந்த கமென்ட்டுகள்தான் விடவில்லை. "அப்போ நம்ம பாட்டி சளிக்கு ஒரு ஸ்பூன் பிராந்தி கொடுத்தது சரிதான்." "என் பையனுக்கு எட்டு மாசம், எவ்வளவு கொடுக்கலாம்?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஒருவர் "ரெண்டு ஸ்பூன், வெந்நீர்ல கலந்து" என்று பதிலும் போட்டிருக்கிறார். அதற்கு நூற்றுக்கு மேல் லைக்.

அங்கே நான் எழுதிய நாலு வரிக்குக் கிடைத்த வசவுகளை இங்கே சொல்லப் போவதில்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன். "அரசாங்கமே ஒத்துக்கிட்டது" என்று அவர்கள் காட்டுவது வெறும் வரி முத்திரை. வைத்தியச் சான்று இல்லை.

1898-ல் அமெரிக்கா ஸ்பெயினோடு போருக்குப் போனது. போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும். புட்டியில் அடைத்துப் பெயர் போட்டு விற்கிற மருந்துகளுக்கெல்லாம் வரி முத்திரை ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் இருந்த வால்டர் டஃபியின் கம்பெனி, தன் விஸ்கி காசநோயைத் தீர்க்கும், அஜீரணத்தைத் தீர்க்கும், மலேரியாவைத் தீர்க்கும் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்துகொண்டிருந்தது. மருந்து என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியானால் மருந்துக்கான வரியைக் கட்டுங்கள் என்றது வருவாய்த் துறை. கட்டினார்கள். கட்டிய கையோடு, "அரசு மருந்தாக ஏற்றுக்கொண்ட ஒரே விஸ்கி" என்று விளம்பரம் செய்தார்கள். அந்த முத்திரைக்கு எந்தச் சோதனையும் வேண்டாம், காசு கட்டினால் போதும். நம்மூரில் கடைக்காரர் வரி கட்டிய ரசீதை நீட்டி, "பார், என் சரக்கு உடம்புக்கு நல்லதுன்னு அரசாங்கமே சொல்லுது" என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

"மால்ட் சத்துதானே" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. விளம்பரம் எழுதியவர்கள் குறிவைத்த இடமும் இதுதான். வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்தினால் மால்ட். அதில் சர்க்கரை உண்டு, புரதம் உண்டு. அதைக் கரைத்துப் புளிக்கவைத்து வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தில், ஏற்றிக் காய்ச்சினால் ஆவியாகி மேலே போவது ஆல்கஹாலும் தண்ணீரும் கொஞ்சம் வாசனைப் பொருளும் மட்டும். சர்க்கரையும் புரதமும் ஆவியாகாது. அவை அடிப்பாத்திரத்திலேயே தங்கிவிடும். அந்தக் கசடு மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மால்ட்டின் சத்து மாட்டுக்கு, மீதி நோயாளிக்கு!

"ஃப்யூசல் எண்ணெய் கிடையாது" என்பது விளம்பரத்தின் அடுத்த பெருமை. ஃப்யூசல் எண்ணெய் என்பது காய்ச்சும்போது கடைசிப் பகுதியில் அதிகமாக இறங்கும் கனமான ஆல்கஹால்கள். வடிசாலையில் வேலை தெரிந்த யாரும் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியைத்தான் எடுப்பார்கள். அது தொழில் சுத்தம். அரிசியில் கல் பொறுக்கியதற்காக அரிசி மருந்தாகிவிடாது.

சான்று கொடுத்தவர்கள் கதை இன்னும் மோசம். நூறு வயதைத் தாண்டிய முதியவர்கள், மதபோதகர்கள் என்று வரிசையாகப் படம் போடுவார்கள். 1905-ல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் காலியர்ஸ் வார இதழில் இந்த மருந்து வியாபாரத்தைத் தோலுரித்துத் தொடர் எழுதினார். டஃபி விளம்பரத்தில் மதுவிலக்குப் பணியாளர் என்று காட்டப்பட்ட போதகர்களைத் தேடிப் போனால், அவர்களில் ஒருவர் அவசரக் கல்யாணத் தரகு நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். அதே காலத்தில் நியூயார்க் நீதிமன்றமும் வழக்கை விசாரித்து, இது மருந்து இல்லை, இனிப்பு சேர்த்த விஸ்கி என்று தீர்ப்புச் சொன்னது. விளம்பரப் படத்தைப் பகிர்ந்தவர்கள் யாரும் இந்தத் தீர்ப்பைப் பகிரவில்லை.

டஃபி மட்டும் செய்த வேலையும் இல்லை. 1848 வாக்கில் நியூயார்க்கில் உடால்ஃபோ வுல்ஃப் என்பவர் ஹாலந்து ஜின்னை "ஷீடாம் அரோமாட்டிக் ஷ்நாப்ஸ்" என்று பெயர் மாற்றி, சிறுநீரகக் கல்லுக்கும் கீல்வாதத்துக்கும் மருந்து என்றார். அவர் கண்டுபிடித்த வழி, மருத்துவர்களுக்கு மாதிரிப் புட்டியும் கடிதமும் அனுப்பி, வருகிற பாராட்டுப் பதில்களை விளம்பரத்தில் அச்சிடுவது. இலவசப் புட்டி வாங்கியவர் என்ன எழுதுவார்?

பிட்ஸ்பர்கில் 1853-ல் தொடங்கிய ஹாஸ்டெட்டர்ஸ் பிட்டர்ஸைப் பாருங்கள். கசப்பு வேர், பட்டை, தோல் வகைகளைக் கடும் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்ப்பது, இதுதான் பொதுவாக பிட்டர்ஸ் செய்முறை. நாக்கில் கசந்தால் மனசு அதை மருந்து என்று நம்பிவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கே இது பெட்டி பெட்டியாகப் போனது. ஆல்கஹால் எவ்வளவு? பின்னாளில் சோதித்தபோது 44.3 சதவீதம். "ஆல்கஹால் இல்லாமல் மருந்து கெட்டுப்போகுமே" என்பது கம்பெனிகள் சொன்ன பதில். கெடாமல் இருக்க 20 சதவீதம் தாராளமாகப் போதும். மீதி 24 எதற்கு?

கணக்குப் போடுங்கள். மருந்தகக் கணக்கில் ஒரு ஒயின் கிளாஸ் என்றால் 2 அவுன்ஸ், அதாவது 60 மில்லி. வேளைக்கு ஒரு கிளாஸ் பிட்டர்ஸ் குடித்தால் மூன்று வேளைக்கு 180. நம்மூர் குவாட்டர் பாட்டில் அளவு, நம்மூர் பிராந்தியின் 42.8 சதவீதத்தைவிடக் கொஞ்சம் கடுமை. தினமும் ஒரு குவாட்டர், மருந்து என்ற பெயரில். குடியைப் பாவம் என்று நினைத்த வீடுகளில், குடிக்கிறோம் என்றே தெரியாமல் குடித்தார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான். சாராயக்கடைக்குப் போகிறவனுக்காவது தான் என்ன குடிக்கிறோம் என்று தெரியும்.

ஏன் இப்படி ஒளித்து விற்றார்கள் என்றால், மருந்து என்று பெயர் இருந்தால் மது உரிமம் இல்லாத மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் விற்கலாம், மதுவிலக்கு ஊரிலும் விற்கலாம். 1905-ல் வருவாய்த் துறை, மருந்துச் சரக்கு போதுமான அளவு சேர்க்காவிட்டால் மது விற்பனை வரி கட்டு என்று சில பெயர்களைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று 28 சதவீத ஆல்கஹால் கொண்ட பெரூனா. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பேதி மருந்தைச் சேர்த்தார்கள். ஆசையாகக் குடித்துவந்தவர்களுக்கு வயிறு போனது. 1906-ல் உணவு, மருந்துச் சட்டம் வந்து ஆல்கஹால் அளவை லேபிளில் போடச் சொன்ன பிறகுதான் பலருக்கு உண்மையே தெரிந்தது.

"டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்களே" என்பீர்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ராபர்ட் பென்ட்லி டாட் காய்ச்சல்காரர்களுக்கு மணிக்கு மணி பிராந்தி கொடுத்தார். அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது, ஊரே பின்பற்றியது. ஆனால் 1873-ல் அதே லண்டனில் மதுவைக் கிட்டத்தட்ட முழுக்க ஒதுக்கிவைத்து டெம்பரன்ஸ் மருத்துவமனை திறந்தார்கள். அங்கேயும் நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். 1916-ல் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியல் நூல் விஸ்கியையும் பிராந்தியையும் நீக்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவச் சங்கம், மருந்தாக மதுவுக்கு அறிவியல் மதிப்பில்லை என்று தீர்மானம் போட்டது. டாக்டர் சொன்னதால் நம்பினீர்கள் என்றால், டாக்டர்கள் அதைத் திரும்பப் பெற்றதையும் நம்ப வேண்டும்.

"அரிஷ்டத்தில் ஆல்கஹால் இல்லையா?" இருக்கிறது. தானாகப் புளித்து உண்டாவது, 12 சதவீதத்துக்குள், மருத்துவர் சொல்லும் அளவு. அதைச் சாக்காக வைத்துப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

"பாட்டி வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறாய்" என்கிறார்கள். இது உண்மையிலேயே வலித்தது. பிராந்தி என்ற சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அது நம் சொல்லா? கப்பலில் வந்த சொல், கப்பலில் வந்த சரக்கு. எக்ஸ்ஷா நம்பர் ஒன் போன்ற பிரெஞ்சு பிராந்திகள் வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவெங்கும் விற்றன. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு வந்த பிறகு உடல்நலக் காரணம் காட்டி மது பெர்மிட் வாங்கும் வழக்கமும் வளர்ந்தது. சுக்கும் துளசியும் கற்பூரவல்லியும் வைத்திருந்த பாட்டியின் கையில் அந்த ஸ்பூனைக் கொடுத்தது யார் என்று கேட்கிறேன். பாட்டியை நான் குறை சொல்லவே இல்லை.

சரி, அந்த எட்டு மாதக் குழந்தைக்கு வருகிறேன். எடை 8 கிலோ என்று வையுங்கள். இரண்டு டீஸ்பூன், 10 மில்லி பிராந்தி. அதில் ஏறத்தாழ 3.4 கிராம் ஆல்கஹால். குழந்தையின் உடல்நீரில் அது பரவினால் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமை ஒட்டி வரும். வண்டி ஓட்டுகிற பெரியவருக்கு நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. அந்தக் குழந்தையிடம் ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டினால் கேஸ் போடும் அளவு.

"உடம்பு சூடாகுதே" என்றால், தோலுக்கடியில் ரத்தக்குழாய் விரிவதால் அப்படித் தெரிகிறது. உள்சூடு வெளியேறி உடம்பு குளிரத்தான் செய்யும். "நிம்மதியா தூங்குதே" என்றால், அது மயக்கம். சளியை இருமி வெளியேற்றும் வேகமும் அந்த மயக்கத்தில் குறையும். எல்லாவற்றையும்விட ஆபத்து சர்க்கரை இறங்குவது. கல்லீரல் ஆல்கஹாலை எரித்துக்கொண்டிருக்கும்போது புதுச் சர்க்கரை செய்யத் திணறும். கைக்குழந்தையின் சர்க்கரை இருப்பு கொஞ்சம்தான். மூக்கடைத்துப் பால் குடிக்காமல் கிடக்கும் குழந்தைக்கு அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். வலிப்பு வரை போகும்.

அந்தத் தாய் இதைப் படிப்பாரா தெரியவில்லை. படித்தால்: மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், அடிக்கடி பால் கொடுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மார்புக்கூடு உள்ளே குழிந்தாலோ உடனே மருத்துவமனை. ஏற்கெனவே அந்த ஸ்பூனைக் கொடுத்திருந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அழைத்துக்கொண்டு போங்கள். எத்தனை ஸ்பூன், எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.