பெட்டியில் சிப்பின் பெயரைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

கடையில் தொங்குகிற ஒரு வைஃபை டொங்கிள் பெட்டியை எடுத்து அதன் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். வேகம் இத்தனை எம்பிபிஎஸ், அன்டெனா இத்தனை, பத்துப் பன்னிரண்டு மொழிகளில் எச்சரிக்கை, குப்பைத் தொட்டியைக் குறுக்கே வெட்டிய படம், அதற்கு மேலே இறக்குமதியாளரின் பெயரும் விலையும் போட்ட ஸ்டிக்கர். எல்லாம் இருக்கும். உள்ளே இருக்கிற சிப் எது என்பது மட்டும் இருக்காது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பாவிக்கிறவனுக்கு அந்தப் பெட்டியில் தேவையான ஒரே தகவல் அதுதான், ஏனென்றால் அந்தச் சிப்பை இயக்குகிற நிரல், அதாவது டிரைவர், லினக்ஸில் இருந்தால்தான் டொங்கிள் வேலை செய்யும். கோதாரி விழுந்தவர்கள் அதைத்தான் சிதம்பர ரகசியமாக வைத்திருக்கிறார்கள்.

"ஏன் இந்தக் கரைச்சல், விண்டோஸைப் போட்டுவிட்டுப் போகலாமே" என்று உடனே யாராவது வருவார்கள். வாருங்கள். என் லப்டொப்பில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் புரோசசர். விண்டோஸ் 11 அதைப் படலைக்குள்ளேயே விடாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. புதிது வாங்கலாம் என்றால், 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் அந்த வருடம் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கியும் 300ஐச் சுற்றித்தான் நிற்கிறது. சம்பளம் அப்படியா ஏறியது? நன்றாக இருக்கிற மெஷினைத் தூக்கி எறிய எனக்கு மனமும் இல்லை, வசதியும் இல்லை. லினக்ஸ் போட்டேன். மெஷின் சுகமாக ஓடுகிறது. அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

குறையெல்லாம் வெளியிலிருந்து செருகுகிற சாமான்களில்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. லப்டொப்பின் உள்ளே இருந்த வைஃபை அட்டை செத்துப்போனது. சரி, ஒரு டொங்கிள் வாங்குவோம் என்று பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் மாடி மாடியாக இருக்கிற அந்தக் கட்டடத்துக்குப் போனேன்.

"தம்பி, இதுக்குள்ள என்ன சிப்?"

"நல்ல சிப் அண்ணா."

"லினக்ஸில வேலை செய்யுமா?"

"எல்லாத்திலயும் வேலை செய்யும்."

"செய்யாட்டி திருப்பி எடுப்பீங்களா?"

"பெட்டி உடைச்சா எடுக்க ஏலாது அண்ணா."

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடைக்காமல் என்ன சிப் என்று தெரியாது. உடைத்தால் அது என்னுடையது. சூதாட்டத்துக்குக்கூட இதைவிட நேர்மையான விதிகள் இருக்கும். அந்தப் பையனில் பிழை இல்லை. அவனுக்கும் தெரியாது, அவனுடைய முதலாளிக்கும் தெரியாது. கொள்கலனில் என்ன வந்ததோ அதை விற்கிறார்கள்.

பிழை செய்கிறவர்கள் தயாரிப்பாளர்கள். ஒரு மொடல் இலக்கத்தில் ஒரு டொங்கிளை வெளியிடுவார்கள். அது லினக்ஸில் நன்றாக வேலை செய்யும். நாலு பேர் வாங்கிப் பார்த்து நல்லதென்று எழுதுவார்கள். சில மாதங்கள் போனதும் அதே இலக்கம், அதே பெட்டி, அதே படம், உள்ளே வேறொரு கம்பனியின் வேறொரு சிப். டொங்கிளின் வயிற்றில் எறும்பு எழுத்தில் வி2, வி3, வி4 என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். நான் வாசித்த விமர்சனம் வி1க்கு. பம்பலப்பிட்டியில் தொங்குவது வி4. ஒரு மருந்துக் கம்பனி குளிசைப் பெட்டியில் மருந்தின் பெயரைப் போடாமல் "காய்ச்சலுக்கு நல்லது" என்று மட்டும் அச்சடித்து, உள்ளே இருப்பதை வருடத்துக்கு வருடம் மாற்றினால் சும்மா விடுவோமா?

அனுபவப்பட்ட லினக்ஸ்காரர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விற்கிற வானலைச் சாதனங்களுக்கு எஃப்சிசி என்ற அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அடையாள இலக்கம் என்று ஒன்று இருக்கும். அதை எஃப்சிசியின் தரவுத்தளத்தில் தேடினால், சாதனத்தைப் பிரித்து எடுத்த உட்புறப் படங்கள் பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சிப்பின் மேல் பொறித்த எழுத்தை வாசித்து, அதற்குப் பிறகு வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்யலாம். அதாவது, காலி வீதியில் ஒரு கடைக்கு முன்னால் நின்றுகொண்டு சில ஆயிரம் ரூபாச் சாமான் ஒன்றை வாங்க, நான் அமெரிக்க அரசாங்கத்தின் கோப்புகளைப் புரட்ட வேண்டும். அந்த இலக்கமும் அநேகமாக டொங்கிளிலேயே அச்சிட்டிருக்கும். டொங்கிள் எங்கே? சீல் வைத்த பெட்டிக்குள்ளே.

வாங்கி வந்து செருகினேன். லப்டொப் அதை வைஃபை என்று காட்டவில்லை, ஒரு சிடி டிரைவ் என்று காட்டியது! அது பழுது இல்லை. வேண்டுமென்றே அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். முதலில் தன்னை ஒரு சிடி என்று காட்டி விண்டோஸ் டிரைவரை நீட்டும். டிரைவர் ஏறியதும் உருவத்தை மாற்றிக்கொண்டு வைஃபை ஆகும். முந்தி 3ஜி டொங்கிள்களும் இதே மாய்மாலத்தைத்தான் செய்தன. லினக்ஸில் இதைச் சமாளிக்கவென்றே யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்று ஒரு நிரல் இருக்கிறது. "சிடியை வெளியே தள்ளு" என்ற கட்டளையை அனுப்பி, சனியனை அதன் சொந்த உருவத்துக்குக் கொண்டுவரும். ஆனால் அந்த நிரலின் பட்டியலில் உங்கள் டொங்கிளின் இலக்கம் இருக்க வேண்டும். புது வி4இன் இலக்கம் எப்படி இருக்கும்? நீங்களே எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைத் தட்டி, நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று வருகிற அடையாளத்தைப் பிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிப் எது என்று இப்போதுதான் தெரியவந்தது. பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

அந்தச் சிப்புக்கான டிரைவர் என் கேர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், இல்லை. தயாரிப்பாளர் ஏதோ ஒரு காலத்தில் ஒரு ஜிப் கோப்பை வீசிவிட்டுப் போயிருக்கிறார், பழைய கேர்னல்களுக்கு மட்டும். எங்கோ ஒரு புண்ணியவான், சம்பளமில்லாமல், தன் சனி ஞாயிறுகளைக் கொடுத்து அதைப் புதிய கேர்னலுக்கு ஏற்றபடி திருத்தி வைத்திருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும். அதை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்த டிரைவர் வேண்டும். கடைசியில் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டேட்டாவைப் பகிர்ந்தேன். அது ஒரு டிரைவரும் கேட்காமல் உடனே வேலை செய்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது.

கம்பைல் பண்ணினேன், அதாவது மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றினேன், ஏற்றினேன். "சாவி நிராகரிக்கப்பட்டது" என்கிற மாதிரி ஒரு செய்தி. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் வேலை. கையொப்பமில்லாத எதையும் கேர்னலுக்குள் விடமாட்டேன் என்று நிற்கும். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நீங்களே ஒரு சாவி உருவாக்கி, கடவுச்சொல் வைத்து, மறுதொடக்கம் செய்யும்போது வருகிற நீலத் திரையில் சில வினாடிகளுக்குள் ஒரு விசையை அழுத்தி, சாவியைச் சேர்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கினால் போச்சு. திரை தானாகப் போய்விடும், திரும்பவும் முதலிலிருந்து.

சரி, அதுவும் முடிந்தது. வைஃபை வந்தது. கேர்னல் புதுப்பிப்பு வரும்வரைக்கும் நன்றாகவே இருந்தது. புதுப்பித்த அன்று காலையில் பார்த்தால் வைஃபை இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் லினக்ஸைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். கேர்னலின் உள்ளமைப்பு மாறிக்கொண்டே இருக்கும் என்று அதை எழுதுகிறவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் டிரைவரைக் கேர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால், உள்ளே எதையாவது மாற்றுகிறவரே அதையும் சேர்த்துத் திருத்துவார். அது நியாயமான ஏற்பாடு. டிரைவரை ஒழுங்காக எழுதிக் கேர்னலில் சேர்க்கிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய சாமான் செருகியதும் வேலை செய்கிறது. மற்றவர்களுக்கு அந்தச் சின்ன வேலையும் ஏலாது. விற்றுவிட்டோம், காசு வந்துவிட்டது, இனி வெள்ளவத்தைக்காரன் பாடு.

ஏலாத காரியம் ஒன்றும் இல்லை. கீபோர்ட், மவுஸ், பென்டிரைவ் எதைச் செருகினாலும் லினக்ஸ் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. இப்போதைய வெப்கேம்களும் பெரும்பாலும் அப்படித்தான், யுவிசி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால். உலகின் அதிவேகமான 500 சுப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து ஒன்று விடாமல் எல்லாமே லினக்ஸில் ஓடுகின்றன. உங்கள் அன்ட்ரொயிட் போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கேர்னல்தான். அதற்கெல்லாம் கூடிவருகிறது. கட்டைவிரல் அளவு டொங்கிளுக்குத்தான் முடியாதாம்.

சுதந்திர மென்பொருள் பக்கத்திலிருந்து வளைந்து கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மூலநிரல் (வாசித்துத் திருத்தக்கூடிய நிரல்) இல்லாத எதையும் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் தொடமாட்டோம் என்று வருடக்கணக்காக நின்ற, டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் ஆட்களே 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் இருந்து, சாதனங்களுக்குள் ஏற்ற வேண்டிய அப்படிப்பட்ட ஃபர்ம்வெயர் நிரல்களை உள்ளே வைத்தார்கள். வைஃபை இல்லாமல் தவிக்கிற ஆட்களைப் பார்த்துக் கொள்கையைத் தளர்த்தினார்கள். தயாரிப்பாளர்கள் எதைத் தளர்த்தினார்கள்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எனக்கு வேலை செய்யுதே மச்சான்" என்கிற கூட்டம். உனக்குச் செய்யும். நீ சிங்கப்பூர் போய் வரும்போது பட்டியல் பார்த்து வாங்கி வருகிறாய். "ஒன்லைனில் ஓர்டர் பண்ணு" என்பார்கள். சாமானின் விலைக்கு மேலே அனுப்புகிற செலவு, அதற்கு மேலே வரி, அதற்கு மேலே அது வந்துசேரும்வரை காத்திருக்கிற காலம். இதற்குப் பிறகும் "முதலே பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று எவனாவது சொன்னால் எனக்கு விசர்தான் வரும். எதைப் பார்த்து? குப்பைத் தொட்டிப் படத்தையா?

இது ஒன்றும் விஷயம் தெரியாத ஊரும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல்போனவர்களைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் சகானா என்ற திறந்த மூல மென்பொருளை எழுதியவர்கள் இந்த நாட்டுத் தன்னார்வலர்கள். 2006ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குத்தான் கிடைத்தது. இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற மொரட்டுவைப் பல்கலைக்கழகம், கூகிளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்துக்கு மாணவர்களை அனுப்புவதில் பல வருடங்கள் உலகத்திலேயே முன்னணியில் நின்றது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கடைக்காரருக்கும் "லினக்ஸில் வேலை செய்யும்" என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டத் தோன்றவில்லை. வானலைச் சாதனம் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குத் தொழில்நுட்ப விவரம் கொடுத்துத்தான் அனுமதி வாங்க வேண்டும். ஆக விவரம் இறக்குமதியாளரின் கோப்பில் இருக்கிறது. விலை அடிக்கிற ஸ்டிக்கரில் இன்னும் ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

புளூடூத் ஹெட்செட்டில் மைக்கை இயக்கியதும் பாட்டுச் சத்தம் கிணற்றுக்குள் போகிற கதை, விரல்ரேகை வாசிப்பான் வெறும் அலங்காரமாகக் கிடக்கிற கதை எல்லாம் இருக்கிறது. விடுவோம். பிரின்டரைச் சொல்லாமல் விட முடியாது.

1980 வாக்கில், எம்ஐடி ஆய்வுகூடத்தில் புதிதாக வந்த லேசர் பிரின்டரில் தாள் சிக்கினால் ஆட்களுக்கு அறிவிக்கிற வசதியைச் சேர்க்க ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூலநிரல் கேட்டார், கொடுக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983இல், யாரும் திருத்தக்கூடிய சுதந்திர இயங்குதளம் ஒன்றை உருவாக்குகிற குனு திட்டத்தை அறிவித்தார். இந்தச் சுதந்திர மென்பொருள் வண்டி முழுவதும் ஒரு பிரின்டர் கோபத்தில் கிளம்பியது. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் நான் ஒரு பிரின்டருக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

நெட்வேர்க்கில் ஐபிபி என்ற பொது அச்சு மொழியைப் பேசுகிற புது பிரின்டர்கள் டிரைவரே இல்லாமல் அச்சடிக்கும், உண்மை. ஆனால் நம் வீடுகளில் இருப்பது எது? விலை குறைந்த யுஎஸ்பி லேசர். அதில் மூளை என்று ஒன்றும் கிடையாது. பக்கத்தைப் புள்ளி புள்ளியாகக் கணினியே வரைந்து, அந்தக் கம்பனிக்கு மட்டும் தெரிந்த மொழியில் அனுப்ப வேண்டும். என்னுடையதற்குக் கிடைத்த லினக்ஸ் டிரைவர் 32 பிட்டுக்குக் கட்டிய பழைய பைனரி. அதை ஓட வைக்க, என் 64 பிட் சிஸ்டத்துக்குள் பழைய நிரல் நூலகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இறக்கினேன். அச்சடித்தது. அடுத்த பதிப்புக்கு மாறியதும் நின்றது. ஸ்கேனர்? அதே பெட்டிக்குள், அதே கேபிளில், அதே கம்பனியின் ஸ்கேனர் இருக்கிறது. அதற்கு வேறு டிரைவராம். அது லினக்ஸுக்கு இல்லையாம்.

இப்போது அச்சடிக்க வேண்டியதையெல்லாம் பென்டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனையில் இருக்கிற போட்டோகொப்பிக் கடைக்குப் போகிறேன். அந்தக் கடையின் விண்டோஸ் மெஷினிலிருந்து ஒவ்வொரு முறையும் பென்டிரைவுக்குள் ஷோர்ட்கட் வைரஸ் ஒன்று ஏறி வருகிறது. வீட்டில் செருகினால் அது சும்மா படுத்துக் கிடக்கிறது. அதற்கும் லினக்ஸ் டிரைவர் இல்லைப் போல.