மாட்டுக்கு மானியம் உண்டு, மாட்டுக்காரிக்கு லீவு உண்டா?

பால் விலையைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். தீவனம் என்ன விலை, லிட்டருக்கு என்ன வருகிறது என்று கூட்டிக் கழித்து, மாடு வளர்ப்பு நஷ்டம் என்றோ நல்ல லாபம் என்றோ எழுதிவிடலாம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ரெண்டு கறவை மாடு வைத்திருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களுடைய பெரிய செலவு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு ராத்திரி வெளியூரில் தங்க முடியாது. அதுதான் செலவு.

வரவை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். சித்தூர் தாலூகாவின் இந்தக் கிழக்குப் பக்கம் மழை குறைந்த பூமி. தமிழ்நாட்டோடு உள்ள பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாக எங்களுக்கு வர வேண்டும். வருகிற நேரமும் பயிர் கேட்கிற நேரமும் பல வருஷம் ஒத்துப்போகாது. நெல்லைப் போட்டால் பணம் கைக்கு வர மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பால் பணம் அப்படி இல்லை, முறை தவறாமல் கணக்கில் விழும். எங்கள் வீட்டில் அது என் பெயரில் விழுகிறது. இதன் அருமை பெண்களுக்குத் தெரியும். சாணி வெளியே காசு கொடுத்து வாங்காமல் தென்னைக்குப் போகிறது. கிடாரிக்கன்று பிறந்துவிட்டால் பெட்டியில் நகை இருக்கிற மாதிரி ஒரு தைரியம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆவின் தருவதை விட இங்கே மில்மா (கேரளத்தின் கூட்டுறவுப் பால் நிறுவனம்) தருவது கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை.

சரி, இனி பாரம்.

கேரளத்தில் பால் கூட்டுறவு சொசைட்டிகள் விடியற்காலை ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் பால் எடுக்கும். சாயங்காலம் கறக்கிற ஊர்க்காரர்களுக்கு இது விநோதமாக இருக்கும். காலை ஐந்து மணிக்கும் மத்தியானம் இரண்டு, இரண்டரைக்கும் மடிக்குக் கீழே உட்கார்ந்தாக வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் புல் அறுப்பு, சமையல், தொழிலுறுதி (அரசின் ஊரக வேலைத் திட்டம்) வேலை எல்லாம். பொள்ளாச்சியில் கல்யாணம் என்றால் முகூர்த்தம் பார்க்கலாம், முதல் பந்தியில் உட்காரலாம், அவ்வளவுதான். "ஏன் கண்ணு, பாயசம்கூட ஊத்தல, அதுக்குள்ள எந்திரிச்சிட்ட?" என்று பெரியம்மா கேட்பார். "மாடு இருக்குதுங்க பெரிம்மா" என்றால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அங்கே பாதிப்பேருக்கு அந்தக் கதைதான்.

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். மாடு கை அறியும். புதுக் கை பட்டால் சுரப்பு விடாமல் எக்கிக்கொள்ளும். பாதியில் நிறுத்தினால் நஷ்டம் அளவில் மட்டும் இல்லை. ஒரு தடவை கறக்கிறதில் கொழுப்பு அதிகம் இருப்பது கடைசியாக வருகிற பாலில். அது மடியிலேயே தங்கினால் சொசைட்டியில் கொழுப்பு ரீடிங் இறங்கும், விலையும் இறங்கும். அதோடு தேங்கின பால் மடிநோய்க்கு வழி. கறக்க உட்கார்ந்ததும் முதல் ரெண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரிதிரியாக ஏதாவது வருகிறதா என்று தெரியும். இதை அவசரத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி செய்ய மாட்டாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம் மாடு சினைக்குத் தயாராகிற பருவம். 21 நாளுக்கு ஒரு முறை வரும், ஒரு நாள்கூட நிற்காது. காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. பாலக்காட்டு வெயிலில் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற வெளிநாட்டு இனம்) கலப்பு மாடுகள் கத்தக்கூடச் செய்யாமல் ஊமைப் பருவமாகக் கழித்துவிடும். நிறமில்லாத வழும்பு வாலில் ஒட்டியிருக்கிறதா என்று தினமும் பார்க்கிற கண் வேண்டும். அந்த ஒரு நாள் நீங்கள் ஊரில் இல்லையென்றால் இன்னும் மூன்று வாரம் சும்மா தீனி. கன்று போட்ட புதிதில் பால் காய்ச்சல் வந்து மாடு படுத்துவிட்டால் சில மணி நேரத்தில் சுண்ணாம்புச்சத்து ஊசி ஏறியாக வேண்டும். கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குப் போன் செய்யவும் வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே.

இத்தனைக்கும் திட்டங்களுக்குக் குறைவில்லை. பசு வாங்க மானியம், தொழுவம் கட்ட மானியம், கறவை இயந்திரத்துக்கு மானியம். கிசான் கடன் அட்டை 2018-19-லிருந்து மாட்டுக்காரர்களுக்கும் உண்டு. எல்லாம் மாட்டைக் கூட்டுகிற திட்டங்கள். ஆளுக்கு ஓய்வு தருகிற திட்டம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. எங்கள் பக்கம் தொழுவங்கள் காலியாவதற்குப் பால் விலையைக் காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, மாமியாருக்கு முட்டி போனதும், மருமகள் "நான் இதில் மாட்டிக்க மாட்டேன்" என்றதும்தான் மாடு சந்தைக்குப் போகிறது. அந்த மருமகள் சொல்வதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

பின்லாந்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு வருஷத்துக்கு 26 நாள் விடுப்பு சட்டப்படி உண்டு, அந்த நாட்களில் மாட்டைப் பார்க்க ஆள் வரும். நம்மால் அவ்வளவு முடியாது, வேண்டாம். மாசத்துக்கு ரெண்டு நாள் போதும். சொசைட்டிக்கு ரெண்டு பேர், நன்றாகக் கறக்கத் தெரிந்தவர்கள். குடும்பஸ்ரீயில் (கேரளத்தின் பெண்கள் சுயஉதவி அமைப்பு) கேட்டால் ஆள் கிடைக்கும். விடுப்பு வேண்டியவர் வீட்டுக்கு நாலு நாள் முன்னாடியே வந்து மாட்டுக்குக் கை பழக்கட்டும். கூலியில் பாதி நாங்கள் தருகிறோம், மீதி சொசைட்டி லாபத்திலிருந்து. முழுதும் இலவசமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இலவசமென்றால் ரெண்டாவது மாசமே ஆள் வராது.

வருகிற சொசைட்டி பொதுக்குழுவில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். கூட்டத்தை வழக்கம்போல மூன்று மணிக்கு வைக்காமல் காலை பத்துக்கு வைத்தால் கையெழுத்துப் போடப் பெண்களும் வருவார்கள். மூன்று மணிக்கு நாங்கள் பால் பாத்திரத்தோடு வரிசையில் நிற்போம்.