கோவளத்து மணலை நம்பி ரீஃபில் இறங்காதீர்கள்

நவம்பரில் நம் பக்கம் கடல் கலங்கியதும் ஹிக்கடுவை, மிதிகம என்று சர்ஃபிங் போர்டைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குக் கிளம்புகிற கூட்டம் சென்னையில் இருக்கிறது. போகட்டும், அங்கே அப்போதுதான் சீசன். ஆனால் "அலை எவ்ளோ உயரம்?" என்ற ஒரே கேள்வியோடு கிளம்புகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. முதல்முறை ரீஃபில், அதாவது அடியில் பாறையும் பவளமும் கிடக்கும் இடத்தில், இறங்குகிறவர் கேட்க வேண்டியது, பாறைக்கு மேலே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, விழுந்தால் எப்படி விழுவேன் என்பதைத்தான்.

கோவளத்தில் பாடம் நடக்கிற இடத்தில் காலடியில் மணல். அது நமக்குச் சில கெட்ட பழக்கங்களை ஊட்டிவிட்டது. அலை முடிந்ததும் தொப்பென்று காலை ஊன்றிக் குதிப்போம். போர்டைத் தள்ளிக்கொண்டே நடந்து உள்ளே போவோம். நுரை வந்தால் போர்டை விட்டுவிட்டு முங்கிவிடுவோம். மூன்றுமே ரீஃபில் ஆகாது. ஊன்றிய கால் கிழியும், கடல் முள்ளெலியின் முள் ஏறும், மிதிபட்ட பவளமும் சாகும்.

விழுவதை இங்கேயே பழகிவிட்டுப் போங்கள். போர்டுக்குப் பின்பக்கமாக, கை கால்களை விரித்து, உடம்பு தட்டையாகத் தண்ணீரில் படும்படி விழ வேண்டும். தலைகுப்புறப் பாய்வது அறவே கூடாது. விழுந்ததும் இரண்டு கைகளாலும் தலையையும் பிடரியையும் மூடிக்கொண்டு மேலே வாருங்கள். தரை தேடிக் காலை நீட்டாதீர்கள். அலையை நன்றாக ஓட்டி முடித்தாலும் குதிக்காமல் போர்டிலேயே குப்புறப் படுத்து, ஆழமான பக்கம் கைகளால் துடுப்புப் போடுங்கள். இதெல்லாம் யோசிக்காமலே வரும்வரை டிக்கெட் போட வேண்டாம் என்பது என் கட்சி. போன பிறகும் முதல் இரண்டு நாள் வெலிகமவில் இருங்கள், அங்கே மணல்தான்.

அலை ஆப்பில் உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும். அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு நடுவிலான நேரம் அது. ஒரு மீட்டர் 7 விநாடி அலையும், ஒரு மீட்டர் 14 விநாடி அலையும் ஒன்றல்ல. விநாடி கூடக் கூட அலை சுமந்து வரும் சக்தியும் கூடும். மணல் சரிவில் அந்த வலு மெல்ல மெல்லக் கரையும். பார், அதாவது கடலடிப் பாறை, திடீரென்று எழும் இடத்தில் அலை செங்குத்தாக நிமிர்ந்து ஒரேயடியாக உடையும். முதல் நாளுக்கு இடுப்பளவு அலை தாராளம்.

ஓதக் கணக்கை, அதாவது கடல்மட்டம் ஏறி வற்றும் நேரத்தை, நாம் பார்ப்பதே இல்லை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வித்தியாசம், இலங்கைத் தென்கரையில் அதைவிடக் குறைவு. இருந்தும், பாருக்கு மேலே நிற்பதே இடுப்பளவு என்றால் அரை மீட்டர் வற்றியதும் முழங்கால் அளவுதான் மிச்சம். பாதி ஏறி, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் இறங்குங்கள்.

அதற்கு முன் அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். அலை உடையாமல் கருத்துத் தெரியும் ஆழமான சானல் எங்கே, உள்ளூர்க்காரர்கள் எந்த இடுக்கில் இறங்கி எங்கே ஏறுகிறார்கள், தண்ணீர் எங்கே கொப்பளித்துச் சுழல்கிறது (அடியில் பாறை மேடு இருக்கும்). பெரிய செட் (அடுத்தடுத்து வரும் அலைக் கூட்டம்) வந்து உள்ளே மாட்டிக்கொண்டால், அலையை எதிர்த்து முட்டாமல் பக்கவாட்டில் சானலுக்குப் போங்கள். அலை முதலில் உடையும் உச்சிக்கு நெருக்கமாக இருப்பவருக்கே முதல் உரிமை. முதல் நாள் நீங்கள் ஓரத்தில் இருங்கள்.

மேல்பக்கம் மெத்தென்றிருக்கும் 8 அடி சாஃப்ட் டாப் போர்டு, அதைக் கணுக்காலோடு கட்டும் கயிறான லீஷ் அதே நீளத்தில். லீஷ் பாறையில் சிக்கினால் கணுக்காலில் உள்ள வெல்க்ரோவைக் கண்ணால் பார்க்காமலே பிரிக்கத் தெரிய வேண்டும். ஹெல்மெட் போட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

கீறல் விழுந்தால் சுத்தமான தண்ணீரும் சோப்பும் வைத்து, வலித்தாலும், மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் துகள்களை எடுத்துவிட்டுக் கிருமிநாசினி போடுங்கள். எலுமிச்சை பிழியச் சொல்வார்கள். எரியும், ஆனால் துகள் உள்ளேயே கிடக்கும். கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கிளம்பும் முன்பே பாருங்கள்; இந்த மாதிரி அழுக்குக் காயத்துக்கு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் போங்கள், புண் ஆறும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.